உள்ளங்கை யானை: கைத்தையல் கேள்வி பதில்

வீட்டிலேயே தைத்துப் பரிசாகக் கொடுக்கும் சின்னத் துணி உருவங்களைப் பற்றி வந்த கடிதங்களில் ஒரே குறை திரும்பத் திரும்பத் தெரிகிறது: தைக்கத் தெரிகிறது, ஆனால் உருவம்தான் நினைத்தபடி வரவில்லை. இவ்வளவு சிறிய பொருளில் சறுக்குவது பெரும்பாலும் கைத்திறனால் அல்ல. எதை முதலில் முடிக்க வேண்டும், எதைக் கடைசிக்கு விட வேண்டும் என்ற வரிசை மாறிப்போவதால்தான். அதனால் 9 செ.மீ. நீளத்தில் தொங்கவிடும் ஒரு யானையை எடுத்துக்கொண்டு, எல்லாக் கேள்விகளுக்கும் அதை வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கரூர் வாசகி: தோழியின் மகளுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது. ரவிக்கைக்கு ஹெம்மிங் செய்வேன், கொக்கி வைப்பேன், காஜா எடுப்பேன். இதற்கு மேல் தெரியாது. தொடங்கலாமா? என்னென்ன வாங்க வேண்டும்?

தாராளமாகத் தொடங்கலாம். காஜா எடுக்கத் தெரிந்தால் இதற்கு வேண்டிய முக்கியமான தையல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. காஜாவை நெருக்கி எடுக்காமல் 3 மி.மீ. இடைவெளி விட்டு, துணியின் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே குத்தி எடுத்துப் பாருங்கள். அதுதான் பிளாங்கெட் தையல். இரண்டு துணிகளின் ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து இப்படித் தைத்துக்கொண்டே போனால் யானை முடிந்துவிடும்.

ஃபெல்ட் (நெய்யாமல், இழைகளை அழுத்திச் செய்த துணி) ஷீட் ஏ4 அளவில் ஒன்று போதும். அதில் 10 செ.மீ. நீளமும் 8 செ.மீ. உயரமுமான துண்டுகள் ஆறு வரும், அதாவது மூன்று யானைக்கு உடல். மிச்சமாகும் 5 செ.மீ. பட்டையில் மூன்றுக்கும் காதுகள் எடுத்துவிடலாம். எம்பிராய்டரி நூல் உடலின் நிறத்தில் ஒரு கண்டு, கறுப்பில் ஒரு கண்டு. ஆறு இழை கொண்ட 8 மீட்டர் கண்டில் இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் ஏறக்குறைய பத்து யானைக்கு விளிம்பு தைக்கலாம். எம்பிராய்டரி ஊசி 7 அல்லது 8 நம்பர். உள்ளே அடைக்க பாலியஸ்டர் பஞ்சு. ஒரு யானைக்கு 5 கிராம் அளவில் பிடிக்கும். தொங்கவிட 18 செ.மீ. மெல்லிய நாடா. நுனி கூரான சின்னக் கத்தரிக்கோல் ஒன்றும் அவசியம். காகிதம் வெட்டிய கத்தரிக்கோலால் ஃபெல்டை வெட்டினால் ஓரம் மென்று துப்பியதுபோல வரும்.

முதல் முயற்சிக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு வயதுக் குழந்தைக்குப் போகிற பரிசு என்பதால் மணி, பொத்தான், ஒட்டுக் கண் எதுவும் வேண்டாம். கண்ணை நூலாலேயே போடுங்கள். அதைப் பற்றிக் கீழே விரிவாக இருக்கிறது.

நாகர்கோவில் வாசகி: ஃபேன்சி ஸ்டோரில் மூன்று விதமான ஃபெல்ட் காட்டுகிறார்கள். ஒன்று அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது, ஒன்று மெத்தென்று இருக்கிறது, ஒன்று மிக மெலிதாக இருக்கிறது. எது சரி?

மெத்தென்று, 1 முதல் 1.5 மி.மீ. கனத்தில் இருப்பதை எடுங்கள். விறைப்பானது பள்ளிக்கூட அலங்கார வேலைக்கு, வெட்டி ஒட்டுவதற்கு உரியது. அதில் பஞ்சு அடைத்தால் புடைக்காது, ஓரத்தில் மடிப்பு விழும். மெலிதானதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அங்கங்கே ஒளி கசிந்தால் அந்த இடத்தில் பஞ்சு வெள்ளையாகத் தெரியும், தையலும் கிழித்துக்கொண்டு வரும். இரண்டு விரலால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நீண்டு, திரும்பிச் சுருங்காமல் நின்றால் அதை வாங்காதீர்கள்.

கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை பாலியஸ்டர். இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால் உருகிப் பளபளக்கும். சுருக்கம் எடுக்க வேண்டுமென்றால் மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, மிகக் குறைந்த சூட்டில் தொட்டு எடுங்கள். கம்பளி ஃபெல்ட் கிடைத்தால் தைக்க அருமையாக இருக்கும். அதற்குப் பூச்சி வரும், தண்ணீரில் அலசினால் சுருங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மதுரை வாசகி: அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை இருக்கிறது. அதிலேயே யானை தைத்துத் தங்கைக்குக் கொடுக்க ஆசை. ஃபெல்ட் இல்லாமல் பருத்தித் துணியில் செய்யக் கூடாதா?

செய்யலாம். ஆனால் 9 செ.மீ. அளவில் செய்யாதீர்கள். பருத்தித் துணியின் ஓரம் இழை பிரியும். அதனால் நல்ல பக்கங்கள் இரண்டையும் உள்ளே வைத்துத் தைத்து, பிறகு வெளியே புரட்ட வேண்டும். தையலுக்கு வெளியே 6 மி.மீ. துணி விட்டாக வேண்டும். 1.5 செ.மீ. அகலத் தும்பிக்கையைப் புரட்டும்போது இந்த மிச்சத் துணியே உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். யானையின் நீளத்தை 14 செ.மீ. ஆக்கி, தும்பிக்கையை எந்த இடத்திலும் 2.5 செ.மீ.க்குக் குறையாமல் வரையுங்கள்.

பழைய புடவை நைந்து இளகியிருக்கும். வெட்டும் முன்பே பின்பக்கத்தில், ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கிற ஒட்டும் கேன்வாஸில் மிக மெல்லியதை இஸ்திரி போட்டு ஒட்டிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பஞ்சு அழுத்தும் பக்கமெல்லாம் துணி இழுபட்டு, யானையின் ஒரு கால் மட்டும் வீங்கித் தெரியும். துணியின் நெட்டிழை (நீளவாக்கில் ஓடும் இழை) யானையின் உயரத்தோடு போகட்டும். இரண்டு உடல் துண்டுகளுக்கும் ஒரே திசையில் வெட்டுங்கள். ஒன்றை நேராகவும் மற்றதைக் கிராஸாகவும் (மூலைவாட்டில்) வெட்டினால் கிராஸ் துண்டு நீண்டு, யானை ஒரு பக்கமாக வளைந்துவிடும். பின் தையலை (ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைப் பின்னோக்கிக் குத்தி முன்னே எடுப்பது) 2 மி.மீ.க்கு ஒன்றாகப் போடுங்கள். வளைவுகளில் தையலுக்கு 2 மி.மீ. தள்ளி நிற்கும்படி கத்தரியால் சின்னச் சின்ன வெட்டு கொடுங்கள். கால்களுக்கு நடுவே உள்ள உள்வளைவில் இந்த வெட்டுகள் இல்லையென்றால் புரட்டிய பிறகு அங்கே சுருக்கம் நிற்கும். எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் அது போகாது.

இன்னொரு வழியும் இருக்கிறது, எங்களுக்குப் பிடித்தது அதுதான்: உடலை ஃபெல்டிலேயே தைத்து, முதுகில் போர்த்தும் துணியை மட்டும் அந்தப் புடவையிலிருந்து எடுங்கள். பக்கத்துக்கு 3 செ.மீ. அகலம், 3.5 செ.மீ. உயரம் போதும். மூன்று ஓரத்தையும் 5 மி.மீ. உள்ளே மடித்து, ஹெம்மிங் போல நுணுக்கமாகத் தையுங்கள். மேல் ஓரத்தை மடிக்காமல் முதுகின் விளிம்போடு சேர்த்து விட்டுவிடுங்கள். சுங்குடியின் புள்ளிகளில் ஒரு வரிசையாவது முழுதாக வருமாறு துணியைப் பார்த்து வெட்டினால், அது எந்தப் புடவை என்று உங்கள் தங்கைக்குப் பார்த்ததுமே தெரியும்.

சேலம் வாசகி: வடிவத்தை எப்படி வரைவது? எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும்? உடலைத் தைத்து முடித்துப் பஞ்சு அடைத்தால் தும்பிக்கைக்கும் கால்களுக்கும் பஞ்சு போகவே மாட்டேன் என்கிறது.

உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே காரணமும் இருக்கிறது. முழுக்கத் தைத்துவிட்டுப் பஞ்சு அடைக்கக் கூடாது. ஒவ்வோர் உறுப்பாகத் தைத்து, அடைத்து, பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

வடிவத்துக்குக் கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாள் போதும். 6.5 செ.மீ. நீளம், 5 செ.மீ. உயரத்தில் ஒரு முட்டை வடிவம் வரையுங்கள், அது உடல். அதன் இடது பக்கத்தில் 1.5 செ.மீ. உடலுக்குள் புகுந்திருக்கும்படி 4 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம், அது தலை. உடலின் அடியில் முன்னும் பின்னும் 2 செ.மீ. அகலக் கால்கள் இரண்டு, வயிற்றுக்குக் கீழே 2 செ.மீ. நீளம் தெரியட்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 1.5 செ.மீ. இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியின் மேற்பகுதியைக் கூர்மூலையாக விடாமல் வளைவாகப் போடுங்கள். தும்பிக்கை தலையின் முன்பக்கத்தில் 2 செ.மீ. அகலத்தில் தொடங்கி, கீழே வளைந்து, நுனி சற்று மேலே திரும்பட்டும். நுனியிலும் 1.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இரண்டு பக்கமும் 3 மி.மீ. தையலுக்குப் போனால் உள்ளே மிஞ்சுவது 9 மி.மீ. மட்டுமே. அதற்கும் குறைந்தால் பஞ்சு நுழையாது. எல்லாவற்றையும் ஒரே கோடாகச் சுற்றி வரைந்து உள்கோடுகளை அழித்துவிடுங்கள். காது 3.5 செ.மீ. உயரம், 3 செ.மீ. அகலத்தில் ஒரு வெற்றிலை வடிவம்.

வெட்டும்போது ஃபெல்டில் பேனாவால் கோடு போடாதீர்கள். மை ஊறி, தைத்த பிறகும் ஓரத்தில் தெரியும். வரைந்த தாளை ஃபெல்டின் மேல் வைத்து, மேலே அகலமான செல்லோ டேப்பை ஒட்டி, டேப், தாள், ஃபெல்ட் மூன்றையும் சேர்த்து வெட்டுங்கள். வடிவம் நழுவாது. முதல் துண்டை வெட்டியதும் தாளைத் திருப்பிப் போட்டு இரண்டாவதை வெட்டுங்கள். ஃபெல்டுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் கிடையாதென்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள். சில ஷீட்டுகளில் ஒரு பக்கம் மழமழப்பாகவும் மறுபக்கம் பொசுபொசுவென்றும் இருக்கும். அப்போது யானையின் இரண்டு பக்கமும் வேறு வேறு துணிபோலத் தெரியும்.

இனி வரிசை. இரண்டு துண்டுகளையும் இணைக்கும் முன்பே கண்ணைப் போடுங்கள். முதுகுத் துணி இருந்தால் அதையும் தைத்துவிடுங்கள். காதின் முன் ஓரத்தில் 2 செ.மீ. மட்டும் தலையோடு சேர்த்துத் தைத்து, மற்றப் பக்கம் தளர்வாக விடுங்கள். இந்த வேலைகளின் முடிச்செல்லாம் உள்பக்கம் போய்விடும். உருவத்தை மூடிய பிறகு இவற்றைச் செய்யப் போனால் ஒவ்வொரு முடிச்சையும் ஒளிக்க இடம் தேட வேண்டியிருக்கும்.

பிறகு இரண்டு துண்டுகளையும் வெளிப்பக்கம் வெளியே இருக்க ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நாலு குண்டூசி குத்திக்கொள்ளுங்கள். காதை முன்பக்கமாக மடித்து இன்னொரு குண்டூசியால் பிடித்து வைத்தால் நூலில் மாட்டாது. நூலின் முடிச்சு இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் இருக்கும்படி, காதுக்குப் பின்னால் முதுகில் தொடங்குங்கள். அங்கிருந்து முன்பக்கமாகத் தலையைச் சுற்றி, நெற்றி வழியே இறங்கி, தும்பிக்கையின் நுனியைச் சுற்றி, அதன் உள்பக்கம் வழியாகத் தாடை வரை வந்து நிறுத்துங்கள். ஊசியைக் கழற்றாமல் ஓரமாகக் குத்திவிட்டுத் தும்பிக்கையை அடையுங்கள். கடலைப் பருப்பு அளவு பஞ்சை எடுத்து, பென்சிலின் கூரில்லாத முனையால் நுனி வரை தள்ளி, அது அமர்ந்த பிறகு அடுத்த கடலை. ஒரே உருண்டையாகத் திணித்தால் அது நடுவழியில் நின்றுவிடும், நுனி காலியாகவே இருக்கும்.

அடுத்து முன்கால், அடைப்பு. வயிறு, பின்கால், அடைப்பு. பின்புறம் ஏறும்போது வாலை இடையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு இழை நூலை 12 செ.மீ. நீளத்தில் மூன்று துண்டு வெட்டி, சேர்த்துப் பின்னி, நுனியில் முடிச்சிட்டு, மேல்முனையில் 1 செ.மீ.யை உள்ளே விட்டுத் தைத்தால் உருவிக்கொண்டு வராது. முதுகில் 3 செ.மீ. வாய் மிஞ்சும் வரை தைத்து நிறுத்துங்கள். உடலுக்கும் தலைக்கும் உரிய பஞ்சு முழுதும் இந்த வாய் வழியாகத்தான் போகும். தலையை முதலில் நிரப்புங்கள், பிறகு கழுத்து, கடைசியில் வயிறு. மூடும் முன் தொங்கும் நாடாவை வைக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது.

விளிம்பு முழுதுக்கும் சுமார் 140 தையல் வரும். வளைவுகளில் இடைவெளியைக் கொஞ்சம் நெருக்குங்கள். தும்பிக்கை நுனியைச் சுற்றும்போது வெளிவிளிம்பில் 3 மி.மீ. விட்டாலும் தையலின் உள்முனைகள் நெருங்கி, விசிறிபோல விரியும். அதுவே சரியான தோற்றம்.

திண்டுக்கல் வாசகி: வீட்டில் தலையணைக்கு வாங்கிய இலவம் பஞ்சு மீதமிருக்கிறது. அதையே அடைக்கலாமா? போன முறை பருத்திப் பஞ்சு வைத்தேன், கட்டிகட்டியாகத் தெரிந்தது.

சுவரிலோ மரக்கிளையிலோ தொங்கப்போகிற அலங்காரத்துக்கு இலவம் பஞ்சு வைக்கலாம். எடை இல்லாதது, ஈரத்தை எளிதில் உறிஞ்சாது. ஆனால் அதன் இழை குட்டையானது, வழுக்கும் தன்மை உடையது. தையல் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போனால் ஓரத்தில் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே 2 மி.மீ. இடைவெளியில் தையுங்கள். விதைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுங்கள். மூக்கை மூடிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு அடையுங்கள். குழந்தை வாயில் வைக்கக்கூடிய, அலச நேரிடும் பொருளுக்கு இது வேண்டாம்.

பருத்திப் பஞ்சு கட்டியாவதற்கு அதன் இயல்பும் ஒரு காரணம், அடைத்த விதமும் ஒரு காரணம். அழுத்தினால் அது அப்படியே இறுகிவிடும், திரும்ப எழும்பாது. பாலியஸ்டர் பஞ்சுக்கு எழும்பும் குணம் உண்டு. இருந்தாலும் பையிலிருந்து எடுத்தபடியே திணித்தால் அதிலும் கட்டி தெரியும். ஒவ்வொரு பிடியையும் இரண்டு கையாலும் பிய்த்துப் பிய்த்துப் பூப்போல ஆக்கிய பிறகு உள்ளே விடுங்கள். புதிய பஞ்சை ஏற்கெனவே உள்ளே இருப்பதன் நடுவில் செருகினால் இரண்டும் கலந்துவிடும். ஓரமாகத் திணித்தால் தனி உருண்டையாக நிற்கும்.

எவ்வளவு அடைப்பது என்பதில் பெரும்பாலோர் குறைவாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஃபெல்ட் நாளடைவில் சற்றே நெகிழும், பஞ்சும் அமரும். இன்று சரியாக இருப்பது ஒரு மாதத்தில் தொளதொளக்கும். கட்டைவிரலால் வயிற்றை அழுத்தினால் விரல் பதிந்து, எடுத்ததும் உடனே நிமிர வேண்டும். தலை தொங்கிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் கழுத்துதான். தலையையும் வயிற்றையும் நிரப்பிவிட்டு இரண்டுக்கும் நடுவில் வெற்றிடம் விட்டுவிட்டால் அந்த இடத்தில் மடிந்துவிடும். இதற்கு எதிரான தவறும் உண்டு: தையல்களுக்கு நடுவே ஃபெல்ட் இழுபட்டு ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் அடைத்தது அதிகம்.

தூத்துக்குடி வாசகி: தைக்கும்போது நூல் அடிக்கடி முறுக்கி முடிச்சு விழுகிறது.

நூலின் நீளம் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். விளிம்பு முழுதுக்கும் நாலு முழம் தேவைப்படும். நாலு தடவையாக எடுங்கள். ஆறு இழையிலிருந்து இரண்டைச் சேர்த்து உருவாமல், ஒவ்வோர் இழையாகத் தனித்தனியே உருவி, பிறகு சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். பத்துத் தையலுக்கு ஒருமுறை ஊசியைக் கீழே தொங்கவிட்டால் முறுக்கு தானே பிரியும். நூல் தீர்ந்து புதிது தொடங்கும்போது பழைய நூலைத் துணியின் உள்பக்கம் முடிச்சிட்டு விட்டு, புதிய ஊசியைக் கடைசித் தையலின் வளையத்துக்குள்ளிருந்தே வெளியே எடுங்கள். இணைப்பு வெளியே தெரியாது.

ஈரோடு வாசகி: யானை நன்றாகத்தான் வருகிறது, கண் வைத்ததும் கோபமான முகமாகிவிடுகிறது. என்ன செய்வது?

கண்ணின் இடம் மேலே போயிருக்கும். 4 செ.மீ. தலை வட்டத்தில் கண் சரிபாதி உயரத்தில், அல்லது அதற்கும் 2 மி.மீ. கீழே இருக்க வேண்டும். தும்பிக்கை தொடங்கும் இடத்திலிருந்து 1.2 செ.மீ. பின்னால் வையுங்கள். கண் தாழ்ந்து, நெற்றி அகலமாகத் தெரியும்போது முகம் குட்டி யானையின் முகமாகிறது. மேலே ஏறினால் முதிர்ந்த முகம். தைக்கும் முன் கறுப்புத் தலையுள்ள குண்டூசியைக் குத்தி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் நகர்த்தினாலே பார்வை மாறுவது தெரியும். இடம் முடிவானதும் இரண்டு துண்டுகளையும் ஓரம் பொருந்த வைத்து, ஒரே ஊசியால் இரண்டையும் துளைத்து அடையாளம் செய்துகொண்டால் இரு பக்கக் கண்ணும் ஒரே உயரத்தில் அமையும்.

கண்ணுக்கு மூன்று இழைக் கறுப்பு நூலில் பிரெஞ்சு முடிச்சு போதும். ஊசியை வெளியே எடுத்து, நூலை ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த துளைக்கு 1 மி.மீ. தள்ளித் திரும்பக் குத்துங்கள். அதே துளையில் குத்தினால் முடிச்சு உள்ளே ஓடிவிடும். ஃபெல்டில் நெய்த இழைகள் இல்லாததால் முடிச்சைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. பின்பக்கத்தில் 1 செ.மீ. ஃபெல்ட் துணுக்கை வைத்து அதையும் சேர்த்துத் தைத்தால் இழுத்தாலும் போகாது. பெரிய கண் வேண்டுமானால் 4 மி.மீ. கறுப்பு ஃபெல்ட் வட்டத்தைச் சுற்றிலும் தைத்து, மேல் ஓரத்தில் வெள்ளை நூலால் ஒரே ஒரு சின்னத் தையல் போடுங்கள். இரண்டு பக்கமும் அந்த வெள்ளைப் புள்ளி ஒரே இடத்தில் இருக்கட்டும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்குக் கொடுக்கும் எதிலும் மணிக் கண்ணோ, பொத்தானோ, சலங்கையோ வைக்கவே வேண்டாம். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் நூல் ஒருநாள் அறும், கழன்ற மணி நேராக வாய்க்குப் போகும். மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

திருநெல்வேலி வாசகர்: மகளுடைய பள்ளிக்கூட விழாவுக்காகத் தைத்தோம். தொங்கவிட்டால் யானை தலைகுப்புறச் சாய்கிறது.

நாடாவை முதுகின் நடுவில் வைத்திருப்பீர்கள். யானைக்குத் தலை, காது, தும்பிக்கை எல்லாம் முன்பக்கம் இருப்பதால் எடையும் அங்கேதான் கூடுதல். தொங்கும் புள்ளி காதுக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். முதுகில் 3 செ.மீ. வாயை அங்கே விடச் சொன்னதும் இதற்காகத்தான். பஞ்சு முழுதும் அடைத்த பிறகு, வாயை மூடும் முன், இரு துண்டுகளையும் சேர்த்து ஒரு குண்டூசி குத்தி அதில் நூல் கட்டித் தூக்கிப் பாருங்கள். தலை தாழ்ந்தால் குண்டூசியைத் தலைப்பக்கம் 5 மி.மீ. நகர்த்துங்கள், பின்புறம் தாழ்ந்தால் பின்னால். நேராக நிற்கும் இடத்தில் சோப்புச் சில்லால் ஓர் அடையாளம் போதும்.

18 செ.மீ. நாடாவை இரண்டாக மடித்து, இரு முனைகளையும் சேர்த்து முடிச்சிட்டு, முடிச்சு 1 செ.மீ. உள்ளே இருக்குமாறு செருகுங்கள். முதலில் ஒரு பக்க ஃபெல்டின் உள்முகத்தில் நாலைந்து பின் தையலால் நாடாவைப் பிடித்துவிட்டு, பிறகு விளிம்புத் தையலை அதன் மேலேயே தொடருங்கள். விளிம்புத் தையலின் பிடிப்பை மட்டும் நம்பினால் சில நாளில் அந்த இடம் நீண்டு வாய் திறக்கும்.

ஏற்கெனவே மூடிவிட்ட யானைக்கும் வழி இருக்கிறது. புதிய புள்ளியில் நாலு தையலைப் பிரித்து நாடாவை மாற்றுங்கள். பழைய இடத்தில் நாடாவை ஒட்ட நறுக்கி முடிச்சை உள்ளே தள்ளிவிட்டு, மேலே இரண்டு தையல் போட்டால் போதும்.

காரைக்குடி வாசகி: துணியில் யானை தைத்துத் தொங்கவிடுவது எங்கிருந்து வந்தது? கிறிஸ்துமஸ் மரத்துக்காக வெளிநாட்டில் தொடங்கியதா?

துணி யானைகளையும் கிளிகளையும் சரமாகக் கோத்து, நடுநடுவே பாசிமணி வைத்து, அடியில் ஒரு மணி கட்டி வாசலில் தொங்கவிடும் வழக்கம் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் உண்டு. கைவினைக் கண்காட்சிகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஃபெல்ட் யானைக்குத் தனி வரலாறு இருக்கிறது. ஜெர்மனியின் கீங்கன் என்ற ஊரில் 1847இல் பிறந்த மார்கரெட்டெ ஸ்டைஃப், குழந்தைப் பருவத்திலேயே போலியோவால் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். வலக்கையையும் அவரால் எளிதாகப் பயன்படுத்த முடியவில்லை. தையலைக் கற்று, ஃபெல்ட் ஆடைகள் தைத்து விற்றுவந்தார். 1880இல் ஊசி குத்தி வைக்கும் மெத்தையாக ஒரு சின்ன ஃபெல்ட் யானையைத் தைத்தார். அதைக் குழந்தைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றும் நடக்கும் ஸ்டைஃப் பொம்மை நிறுவனம். 1902இல் அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் ரிச்சர்ட் ஸ்டைஃப் கைகால் அசையும் கரடியை உருவாக்கினார். முதல் வெற்றி என்னவோ யானைக்குத்தான். தைக்கிறவர் கண்ணால் பார்த்தால் காரணம் எளிது: கால் தடிமன், கழுத்து குட்டை, கூர்முனை ஏதுமில்லை. ஒட்டகச்சிவிங்கியின் காலும் பூனையின் காதும் முதல்முறை தைப்பவருக்குக் கொடுக்கும் சிரமம் இதில் கிடையாது.

கோயம்புத்தூர் வாசகி: நவராத்திரிக்கு வருகிறவர்களின் தாம்பூலப் பையில் ஆளுக்கு ஒன்று வைக்க நினைக்கிறேன். மொத்தம் முப்பது வேண்டும். சீக்கிரம் செய்ய வழி உண்டா? முன்கூட்டியே செய்து வைத்தால் கெடாதா?

முப்பதுக்கு ஏ4 ஷீட் பத்து, பஞ்சு 150 கிராம், விளிம்பு நூல் மூன்று கண்டு. நாலாவதாக ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். எல்லா ஷீட்டையும் ஒரே நேரத்தில் வாங்குங்கள். அடுத்த முறை வரும் சரக்கில் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும்.

ஒவ்வொரு யானையாக முடிக்காமல் வேலை வேலையாக முடியுங்கள். முதலில் வெட்டுவதை மட்டும் செய்யுங்கள். தாள் வடிவம் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பதால் அழைப்பிதழ் அட்டையில் வடிவம் வெட்டிக்கொண்டு, சோப்புச் சில்லால் சுற்றி வரையுங்கள். இரண்டு ஷீட்டை அடுக்கி ஒன்றாக வெட்ட வேண்டாம், கீழ்த்துண்டு எப்போதும் சற்றுப் பெரிதாக வரும். அடுத்து அறுபது கண்கள், அடுத்து காதுகள். இந்த எண்ணிக்கைக்கு முதுகுத் துணியை விட்டுவிடலாம். அதற்குப் பதில் நெற்றியில் மஞ்சள் ஃபெல்டில் 1.5 செ.மீ. முகபடாம் ஒன்று வைத்தால் கொலுவுக்குப் பொருத்தமாக இருக்கும். பசை போட்டு ஒட்டாதீர்கள். ஃபெல்ட் பசையை உறிஞ்சிக் கறையாகும், காய்ந்த பிறகு அந்த இடத்தில் ஊசியும் இறங்காது. பெரிய குழந்தைகள் வீட்டில் இருந்தால் பஞ்சு பிய்க்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள்.

பாலியஸ்டர் ஃபெல்டும் பாலியஸ்டர் பஞ்சும் என்றால் பூச்சி அரிக்காது. தூசியும் ஈரமும் படாமல் மூடிபோட்ட டப்பாவில் வைத்தால் போதும். மேலே கனமாக எதையும் அடுக்காதீர்கள், தும்பிக்கை நசுங்கினால் அப்படியே நின்றுவிடும். அந்துருண்டை போட வேண்டாம். வாடை துணியில் ஏறிக்கொள்ளும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள குறைபாட்டினால் நாப்தலின் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். பரிசு யார் வீட்டுக்குப் போகும், அங்கே பச்சிளங்குழந்தை இருக்குமா என்பது நமக்குத் தெரியாது.

பையில் வைக்கும்போது வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு யானையை நேரடியாகப் போடாமல் சின்னக் காகித உறையில் தனியாக வையுங்கள். குங்குமம் பட்ட ஃபெல்டைச் சுத்தம் செய்வது கடினம்.

விழுப்புரம் வாசகி: அழுக்கானால் துவைக்கலாமா?

பாலியஸ்டர் என்றால் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் வேறொரு துணியை நனைத்துப் பிழிந்து, யானையை மேலாகத் துடையுங்கள். தேய்த்தால் ஃபெல்ட் திரிதிரியாக எழும்பும். அப்படி எழும்பியதைக் கையால் பிய்க்காமல் கத்தரியால் ஒட்ட நறுக்குங்கள். முழுதும் நனைந்துவிட்டால் முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி, நாடாவில் தொங்கவிடாமல் படுக்கையாகக் கிடத்தி நிழலில் காய வையுங்கள். ஈரத்தோடு தொங்கினால் பஞ்சு முழுதும் காலுக்கு இறங்கிவிடும். சிவப்பு, கருநீல ஃபெல்ட் சாயம் விடக்கூடும். வெட்டும் முன் ஒரு துணுக்கை வெள்ளைத் துணியோடு நனைத்து வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.